வீட்டை விற்க வேண்டாம், அம்மிணி

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். என் கணவர் மின்வாரியத்திலிருந்து போன ஜூனில் ஓய்வு பெற்றார். அவருக்கு 60, எனக்கு 55. மகள் மெல்போர்னில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. மகனும் போன வருடம் கனடா போய்விட்டான். மூன்று படுக்கையறை வீட்டில் இப்போது இரண்டே பேர். கணவர் ராத்திரியெல்லாம் மோட்டார் ஹோம் வீடியோக்கள் பார்க்கிறார். வீட்டையும் மூன்று ஏக்கர் தோட்டத்தையும் விற்றுவிட்டு, வெளிநாட்டில் ஒரு வண்டி வாங்கி, கடைசிவரை அதிலேயே ஊர் சுற்றி வாழலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான், பயமும் இருக்கிறது. சொந்தபந்தம் எல்லாம் 'இதென்ன நாடோடிப் பிழைப்பு' என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, கோபி

பதில்: அந்தச் சொந்தக்காரர்களை ஒருநாள் திருச்செங்கோட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு கிளம்பிய ஆட்கள் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் மாதக்கணக்கில் வண்டியடியில் பொங்கித் தின்று, வண்டியடியிலேயே படுத்து எழுந்து, நோம்பிக்கு ஊர் வந்து போகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு 28 வருடம் அதுதான் தொழில். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்தவள். வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டியில் அப்பா கேபின் கட்டுவார். சீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை, அடுப்பு வைக்க ஒரு பெட்டி, சாமி படத்துக்கு ஒரு மாடம். நாலு சக்கரத்தின் மேல் குடும்பம் நடத்துவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை.

நாங்கள் 2022 மே முதல் 2024 செப்டம்பர் வரை, நடுவில் ஒருமுறை ஊர் வந்து போனது தவிர, ஆஸ்திரேலியாவில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் 18 அடி கேரவனில் குடியிருந்தோம். எங்கள் மகளும் அங்கேதான். ஆகவே தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் 'கடைசிவரை' என்ற வார்த்தையை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.

வீடியோவில் வருகிறவர்களில் நிறையப் பேர் அந்தந்த நாட்டுக் குடிமக்கள். அவர்களை யாரும் 'எப்போது கிளம்புகிறீர்கள்' என்று கேட்க மாட்டார்கள். நம்மைக் கேட்பார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். அமெரிக்காவில் பத்து வருட விசா இருந்தாலும் ஒருமுறை உள்ளே போனால் வழக்கமாக 6 மாதம். கனடாவிலும் அப்படியே. உங்கள் மகனுக்கு அங்கே பி.ஆர். கிடைத்தபின், அவன் வருமானமும் போதுமானதாக இருந்தால், பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே மூச்சில் 5 வருடம் வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 870 என்று ஒரு விசா. பிள்ளைகள் பெற்றோரைத் தற்காலிகமாக அழைத்துக்கொள்வது. முதலில் மகள் ஸ்பான்சராக ஒப்புதல் வாங்க வேண்டும், அப்புறம் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். 3 வருடத்துக்கோ 5 வருடத்துக்கோ கொடுக்கிறார்கள், எல்லாம் சேர்த்து 10 வருடத்தைத் தாண்டக் கூடாது. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர், வேலைக்குப் போகக் கூடாது. நாங்கள் போனது இதில்தான். உங்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணவர் 61 வயதில் போனால், ஒருநாள்கூட வீணாக்காமல் இருந்தாலும் 71-ல் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். முட்டி வலியும் சர்க்கரையும் சேர்ந்து வரும் வயது அது. அன்றைக்கு எந்த வாசலில் வந்து இறங்குவீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன், வீட்டை விற்க வேண்டாம். எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டு, மாடியில் ஓர் அறையை மட்டும் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துப் போனோம். அந்த அறையின் அருமை எனக்கு 2023 ஆகஸ்டில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டித் தங்கியிருந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மாமியார் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. பக்கத்து ஊரான செடூனாவுக்கு 300 கிலோமீட்டர். கங்காரு குறுக்கே பாயும் என்பதால் இருட்டில் அந்த ரோட்டில் போக முடியாது. என் வீட்டுக்காரர் விடியும்வரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் செடூனா போய், அங்கே ஒரு கேரவன் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டு, சின்ன விமானத்தில் அடிலெய்டு, அங்கிருந்து சிங்கப்பூர், அப்புறம் கோவை. வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி முடியும்வரை நாங்கள் இருந்தது பூட்டி வைத்த அந்த அறையில்தான். அதுவும் இல்லாமல் போயிருந்தால், பெற்ற தாயின் காரியத்துக்கு வந்த மகன் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் தங்கியிருப்பார்.

உங்கள் இருவரின் பெற்றோரும் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாராவது இருந்தால், இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை உடன்பிறந்தவர்களோடு இப்போதே பேசிவிடுங்கள்.

தோட்டத்தையும் விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர் என்ற கணக்கில் வந்துவிட்டால், இருக்கிற விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக விலைக்கு வாங்க முடியாது. கோபி வாய்க்கால் பாசன நிலத்தை இன்று கொடுத்துவிட்டு நாளை திரும்ப வேண்டும் என்றால் சட்டமும் விடாது, விலையும் விடாது. பவர் எழுதுவதானால் குத்தகை வசூலிக்க, வரி கட்ட என்று இன்னின்ன வேலைக்கு மட்டும் எழுதி, கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். எவ்வளவு நெருங்கிய பங்காளியாக இருந்தாலும் விற்கும் அதிகாரம் சேர்ந்த பொதுப் பவர் வேண்டாம். அதனால் பேச்சுவார்த்தை அறுந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

இரண்டு வகை உண்டு. இஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார் ஹோம். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுப்பது கேரவன். நெடுநாள் வாழ எனக்குக் கேரவன்தான் பிடித்தது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரை எடுத்துக் கடைக்குப் போகலாம். கார் பழுதானாலும் வீடு பட்டறையில் போய் நிற்காது. நாங்கள் ஆறு வருடம் ஓடிய கேரவனை 34,000 ஆஸ்திரேலிய டாலருக்கும், டீசல் ஜீப் ஒன்றை 28,000 டாலருக்கும் வாங்கினோம். இங்கிருந்து பணம் அனுப்ப ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு. ஆனால் இப்படிப்பட்ட செலவுக்கு வருடத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்று வங்கி பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும் அதுவரை கையில் பணம் முடங்கும். ஆடிட்டரோடு உட்கார்ந்து, மார்ச்சில் பாதி ஏப்ரலில் பாதி என்று பிரித்து, இருவர் பேரிலும் அனுப்புவது பற்றிக் கேளுங்கள்.

எடை விஷயத்தில் நாமக்கல்காரி நானே ஏமாந்தேன். கேரவனில் வெறும் எடை ஒன்று, ஏற்றியபின் தாண்டக் கூடாத எடை ஒன்று என இரண்டு எண் எழுதியிருக்கும். எங்களுடையதில் இரண்டுக்கும் வித்தியாசம் 400 கிலோ. அதில் 190 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 190 கிலோ போய்விட்டது. இரண்டு கேஸ் சிலிண்டர், கூடாரத் துணி, பேட்டரி எல்லாம் போக மிச்சம்தான் நமக்கு. ஒரு மாதம் கழித்து எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 140 கிலோ அதிகம்! எடை கூடினாலும் ஆபத்து, பாரத்தைப் பின்பக்கம் வைத்தாலும் ஆபத்து. வேகத்தில் கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அரிசி மூட்டையை அச்சுக்கு நேர்மேலே வையுங்கள். பித்தளைப் பாத்திரம், தைத்த மெத்தை, மூன்றாவது குக்கர் எல்லாவற்றையும் நான் மகள் வீட்டில் இறக்கினேன். 11 கிலோ டேபிள்டாப் கிரைண்டரை மட்டும் இறக்க மனம் வரவில்லை.

கிரைண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட். பிளக்கை மாற்றினால் கோயமுத்தூர் கிரைண்டரும் மிக்சியும் ஓடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், ஓடாது. உங்கள் கணவர் மின்வாரியக்காரர், பேட்டரி சோலார் கணக்கை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள் விளக்கும் பம்பும் 12 வோல்ட்டில் ஓடும், பழைய ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், லித்தியம் என்றால் தாங்கும். இந்த வேலையை அவர் கையிலேயே விடுங்கள். ஓய்வு பெற்ற மனிதருக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, ரோட்டில் அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான். ஐம்பது வயதுக்குமேல் வலதுபக்கம் பழகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று, அம்மிணி. உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியாது என்றால் இந்த வாரமே பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். வேறு எந்த ஏற்பாட்டையும் அதற்கு அப்புறம் பாருங்கள். நான் 52 வயதில் கற்றேன். போர்ட் அகஸ்டாவுக்கு 90 கிலோமீட்டர் இருக்கும்போது என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் ஓரமாக நிறுத்திவிட்டுச் சுருண்டுவிட்டார். போனில் சிக்னல் இல்லை. கேரவனோடு நான்தான் ஓட்டிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். எனக்கு ஓட்டத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். ஆனால் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 6 மாதத்துக்குமேல் தங்கினால் அந்த ஊர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, ரோட்டுத் தேர்வு எல்லாம் உண்டு. 28 வருடம் லாரி ஓட்டியவர் முதல் தடவை தோற்றார். தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்தார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதல் தடவையே தேறினேன்.

ஆஸ்பத்திரிச் செலவு பெரிய விஷயம். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவத் திட்டமான மெடிகேர் நமக்குப் பொருந்தாது, இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. தனியார் காப்பீடு கட்டாயம். முன்பே இருக்கும் நோய்களுக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்து மூன்று மாதத்துக்கு வேண்டியதை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போகலாம். பல் வேலை, கண் புரை எல்லாவற்றையும் கோவையிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று வருடா வருடம் கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஆனால் வங்கி ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் அணையாமல் ரோமிங்கில் இருக்க வேண்டும். எங்கள் சிம் ஒருமுறை அணைந்து, ஆறு வாரம் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தோம்.

இத்தனையும் செய்யும் முன், ஆறு வாரம் வாடகை வண்டியில் இருந்து பாருங்கள். மகளைப் பார்க்க எப்படியும் போவீர்கள். நல்ல வெயில் காலத்தில் போக வேண்டாம். ஜூன், ஜூலையில் விக்டோரியா மழையிலும் குளிரிலும் இருந்து பாருங்கள். மூன்று நாள் விடாத மழை, உள்ளே இரண்டு பேர், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நாலடி. தோட்டத்து வீட்டில் ஆம்பிளை விடிந்ததும் காட்டுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். வேலைக்குப் போகிறவர் என்றால் சாயங்காலம். அந்த இடைவெளியில்தான் பாதிக் குடும்பங்கள் சண்டையில்லாமல் ஓடுகின்றன. வண்டியில் அது கிடையாது. முதல் மூன்று மாதம் நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் சண்டை போட்டோம். அப்புறம் காலையில் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு திசையில் நடக்கப் போவது என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் அந்த வாழ்க்கை இனித்தது.

இனித்தது என்பதை மனதாரச் சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. கோவையிலிருந்து கிளம்பிக் கிட்டத்தட்ட சேலம் வரை ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போவது போல. ரிக் வண்டிக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஓடிய மனிதர் அந்த ரோட்டில் 80-க்கு மேல் போகாமல் பழைய பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

கேள்வி: நாமக்கல்லில் நல்ல மோட்டார் ஹோம் கட்டிக் கப்பலில் வெளிநாடு கொண்டுபோய் வாழலாமா? செலவு மிச்சமாகுமே? – வாசகர், உடுமலை

பதில்: கட்டித் தருவதற்கு நம் பட்டறைகளால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொண்டுபோய் வாழத்தான் முடியாது. கார்னே என்ற சுங்க உறுதிப் பத்திரத்தில் வண்டியைத் தற்காலிகமாகத்தான் உள்ளே விடுவார்கள், அந்தப் பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான். அதற்கு வண்டி மதிப்பை ஒட்டிப் பெரிய உத்தரவாதத் தொகையும் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் டயர் இடுக்கில் மண்ணோ விதையோ இருந்தால் கழுவச் சொல்லி அதற்கும் பணம் வாங்குவார்கள். நடுவழியில் உதிரிபாகம் கிடைக்காது. நாடு நாடாகக் கடந்து போகும் ஒரு வருடப் பயணத்துக்கு என்றால் கட்டுங்கள். குடியிருக்க அந்த ஊர் வண்டியே வாங்குங்கள்.

கேள்வி: நான் பெர்த்தில் வேலை பார்க்கிறேன், ஊர் திருப்பூர். அப்பா அம்மா இங்கே கேரவனில் சுற்ற ஆசைப்படுகிறார்கள். 'பெத்தவங்களை ரோட்டுல விட்டுட்டான்னு ஊர் பேசும்' என்கிறார் அண்ணன். – வாசகர்

பதில்: ஊர் இரண்டு நோம்பிக்குப் பேசும், அப்புறம் வேறு பேச்சு வந்துவிடும் கண்ணு. உங்கள் வீட்டு முகவரியை அவர்களுக்குக் கொடுங்கள். வண்டிப் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் தபாலுக்கும் அது வேண்டும். வீட்டு வாசலில் கேரவன் நிறுத்த இடமும், ஒரு மின்சாரக் கம்பியும் தயாராக வையுங்கள். அவர்கள் வந்தால் 'உள்ளே வந்து படுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். எங்கள் மகள் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவாள். பேரன்தான் எங்களோடு வண்டியில் வந்து படுத்துக்கொள்வான். அண்ணனை வாரம் ஒருமுறை அவர்களோடு வீடியோவில் பேசச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

கேள்வி: வண்டியில் இட்லி மாவு புளிக்குமா? நம் சமையல் முடியுமா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: முடியும். நம் அரிசிம்பருப்புச் சாதம் மாதிரி வண்டிக்கு ஏற்ற சாப்பாடு உலகத்திலேயே கிடையாது என்பேன். ஒரு குக்கர், ஒரு அடுப்பு, கழுவத் தண்ணீரும் குறைவு. தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறும், மெத்தையெல்லாம் நான்கு நாள் மணக்கும். கோடையில் தீத்தடை அறிவிக்கும் நாட்களில் வெளியே அடுப்பு பற்ற வைக்கலாமா என்று அந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் காய்கறி, பழம், தேன் எல்லாவற்றையும் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். நான் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லை வருவதற்கு முந்தின நாள் இருக்கிற காயையெல்லாம் போட்டு ஒரு சாம்பார் வைத்துவிடுங்கள்.

மாவுக்கு வருகிறேன். மின்சாரம் உள்ள இடத்தில் தங்கும் அன்று அரைத்துவிடுங்கள். எங்கள் கேரவனில் வெந்நீர்ப் பெட்டி கட்டிலடியில் இருந்தது. அதை ஒட்டிப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைத்தால் குளிர்காலத்தில்கூட விடிவதற்குள் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். ஓடும் வண்டியில் மாவை வைக்கவும் வேண்டாம். அலை அலையாக இருக்கும் மண் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் போய்க் கதவைத் திறந்தால், கட்டிலடி முழுக்க வெள்ளையாக ஓடியிருந்தது. காய்ந்த மாவை அந்த இடுக்குகளிலிருந்து சுரண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.